மருந்துக் கடையும் ஓர் அமானிதமே

 



சிங்களத்தில் றக்வான என்றும் தமிழில் இறக்குவானை என்றும் வழங்கும் ஊரை உங்களிற் பலர் அறிவீர்கள். இரத்தினபுரி மாவட்டத்தில், சிங்கராஜ வனத்தின் கிழக்குப் புறத்தே, தேயிலை மலைகள் சூழ அமைந்த சிறு பட்டணம் அது. சம்பளம் கிடைத்த மறுநாள் மலையிலிருந்து இறங்கி வரும் தொழிலாளியை அங்கே கடைத்தெருவில் காணலாம். அரிசி, மா, மண்ணெண்ணெய் வாங்கிய பின்னர் எஞ்சிய காசை முந்தானையில் முடிந்துகொண்டு ஒரு தாய் மருந்துக் கடையின் முன் நிற்கிறாள். வீட்டில் பிள்ளைக்கு மூன்று நாட்களாகக் காய்ச்சல். அவளிடம் மருந்துச் சீட்டு இல்லை. “காய்ச்சலுக்கு ஏதாவது குடுங்க ஐயா” என்கிறாள்.

அந்த ஒரு கணத்தில் மேசைக்கு அப்பால் நிற்பவரின் கையில் ஓர் உயிர் ஒப்படைக்கப்படுகிறது. அவர் எதைக் கொடுத்தாலும் அவள் வாங்கிக்கொள்வாள். மருந்து சரியா பிழையா என்று பார்த்தறியும் ஆற்றல் அவளுக்கு இல்லை. அரிசியில் கல் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். துணியில் கிழிசல் இருந்தால் விரலுக்குத் தெரியும். மாத்திரையின் உள்ளே இருப்பது எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆகவேதான் மருந்து விற்பதை ஏனைய வியாபாரங்களோடு ஒன்றாக வைத்து எண்ண முடியாது. அது அமானிதம். அந்த அமானிதத்தை நம் முன்னோர் எவ்வாறு காத்தனர், நம் நாட்டில் அது எவ்வழியே வந்தது, இன்று எவர் தோளில் இருக்கிறது என்பதைச் சற்றே வரலாற்றின் வழி நின்று பார்ப்போம்.

“இல்லை” என்று சொன்னவர்கள்

மருந்து விற்பதை வைத்தியத்தினின்றும் பிரித்து, தனியொரு தொழிலாகவும் தனியொரு கல்வியாகவும் வளர்த்த பெருமை பக்தாத் நகருக்கு உண்டு. அப்பாஸிய கலீபாக்களின் காலத்திலே, கிறிஸ்து ஆண்டு ஒன்பதாம் நூற்றாண்டில், அங்கு மருந்துக் கடைகள் தோன்றின. சாபூர் இப்னு ஸஹ்ல் போன்றோர் மருந்துக் கலவைகளுக்கான நூல்களை எழுதினர். பிற்காலத்தில் அல்பிரூனி மருந்துப் பொருட்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றை ஆக்கினார். மாலகாவிற் பிறந்த இப்னுல் பைதார், எகிப்தின் சுல்தான் அல்காமிலுடைய ஆட்சியில் மூலிகை வல்லுநர்களின் தலைவராக நியமிக்கப்பட்டு, 1248ஆம் ஆண்டு திமிஷ்கில் மரணமானார்.

ஆனால், வாசகர்களே, நூல்கள் பெருகிய அதே நகரில் ஏமாற்றும் பெருகிற்று. வைத்தியர்களின் வரலாற்றைத் தொகுத்த இப்னு அபீ உஸைபிஆ ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். மருந்து வியாபாரி தன்னிடம் எந்தச் சரக்கும் இல்லையென்று ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டான் என்று கலீபா மஃமூனிடம் ஒருவர் முறையிட்டார். இதைச் சோதிக்க விரும்பிய கலீபா, பக்தாதுக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தின் பெயரை மருந்தின் பெயர் போலச் சொல்லிக் கடைகளுக்கு ஆட்களை அனுப்பினார். கடைக்காரர்கள் அனைவரும் “இருக்கிறது” என்றே சொன்னார்கள். காசையும் பெற்றுக்கொண்டார்கள். ஒருவர் ஏதோ விதையைக் கொடுத்தார். ஒருவர் கல்லைக் கொடுத்தார். இன்னொருவர் உரோமத்தைக் கொடுத்தார்!

பிற்காலத்தில் தளபதி அஃப்ஷீன் தம் படை முகாமிலிருந்த மருந்து வியாபாரிகளை இதே வழியிற் சோதித்தார். மருந்தே அல்லாத சில பெயர்களை எழுதி அனுப்பினார். சிலர் “இருக்கிறது” என்று எதையோ கொடுத்தனர். சிலர் “இப்படியொரு மருந்தை நாங்கள் அறியோம், எங்களிடம் இல்லை” என்றனர். இல்லையென்று சொன்னவர்களுக்கே முகாமில் தங்கித் தொழில் செய்ய அனுமதிப் பத்திரம் கொடுக்கப்பட்டது. ஏனையோர் வெளியேற்றப்பட்டனர்.

இந்த நிகழ்ச்சியை ஒரு வேடிக்கைக் கதையாக எண்ணிக் கடந்துவிடாதீர்கள். மருந்தாளரின் முதற் தகுதி எது என்பதை இது காட்டுகிறது. கையில் எத்தனை சரக்கு உண்டு என்பதோ, கடை எவ்வளவு பெரியது என்பதோ அத்தகுதி அன்று. “எனக்குத் தெரியாது, என்னிடம் இல்லை, இதை நான் தரமாட்டேன்” என்று சொல்லும் நேர்மையே அத்தகுதி. அந்த நேர்மை இழப்புக்கு உள்ளாகாமல், அதற்கே பரிசு கிடைக்குமாறு ஆட்சி பார்த்துக்கொண்டது என்பது இந்நிகழ்ச்சி தரும் இரண்டாவது பாடம்.

கடைத்தெருவைக் காத்த முஹ்தஸிப்

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்ததும், உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, ஈரமானதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று விற்பவரைக் கண்டித்ததும், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்துப்பட எச்சரித்ததும் நீங்கள் பல குத்பாக்களிற் கேட்டவையே. இந்த வழிகாட்டலிலிருந்தே பிற்காலத்து ‘ஹிஸ்பா’ என்னும் நகர நிர்வாகத் துறை வளர்ந்தது. அதன் அதிகாரி முஹ்தஸிப் எனப்பட்டார். நிறுவை, அளவை, உணவுக் கடை, தண்ணீர், வீதித் தூய்மை என்று இன்றைய மாநகர சபையும் பிரதேச சபையும் பார்க்கும் பணிகளிற் பலவற்றை அன்று அவர் பார்த்தார். மருந்துக் கடைகளும் அவருடைய பார்வையின் கீழ் இருந்தன.

ஹிஜ்ரி 319இல், அதாவது 931ஆம் ஆண்டில், வைத்தியர் ஒருவரின் தவறால் சாதாரண மனிதர் ஒருவர் இறந்த செய்தி கலீபா அல்முக்ததிருக்கு எட்டிற்று. பரீட்சையில் தேறியவர்களைத் தவிர எவரும் வைத்தியம் செய்யக் கூடாது என்று முஹ்தஸிபுக்குக் கட்டளை பிறந்தது. பரீட்சிக்கும் பொறுப்பு தலைமை வைத்தியர் ஸினான் இப்னு ஸாபித்திடம் ஒப்படைக்கப்பட்டது. பக்தாதில் மட்டும் 860க்கு மேற்பட்டோர் பரீட்சிக்கப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கவனியுங்கள்: இறந்தவர் அரசகுமாரர் அல்லர்; ஒரு சாதாரண மனிதர். அவருடைய ஓர் உயிருக்காக ஒரு நகரத்தின் ஒழுங்கே மாற்றி அமைக்கப்பட்டது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, முஹ்தஸிப்களுக்கான கைந்நூலில் மருந்து வியாபாரிகளுக்குத் தனி இடம் ஒதுக்கினார். விலை மிகுந்த சரக்குகளில் மலிவானவற்றைக் கலக்கும் வழிகளை எடுத்துக் காட்டினார். ஆயினும் தாம் அறிந்த எல்லா மோசடிகளையும் அவர் எழுதவில்லை. இறையச்சம் இல்லாதவர் அவற்றைப் படித்துக் கற்றுக்கொள்வர் என்று அஞ்சிச் சிலவற்றை மறைத்துவிட்டார். இறையச்சம் முதற் காவல். அது இல்லாத இடத்தில் முஹ்தஸிப் இரண்டாவது காவல். இரண்டும் வேண்டும் என்பதே நம் முன்னோர் கண்ட முடிவு.

இந்நாட்டில் நம் முன்னோர்

இந்த மருத்துவ மரபு கடல் கடந்து இலங்கைக்கும் வந்தது. கண்டி அரசர்களின் அரண்மனையில் முஸ்லிம் வைத்தியர்கள் பணிபுரிந்தனர். அவர்களுள் கோபால முதலியார் குடும்பத்தினர் புகழ்பெற்றவர்கள். பிரித்தானியர் காலத்தில் இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் எழுதிய கடிதமொன்று நமக்கு இன்னொரு சான்றைத் தருகிறது. தாம் அறிந்த முஸ்லிம் வைத்தியர் ஒருவரைப் பற்றி அதில் அவர் விவரிக்கிறார். அவரிடம் இருந்த மருத்துவ நூல்கள் எழுநூறு எண்ணூறு ஆண்டுகளாக அக்குடும்பத்தில் இருந்து வந்தவை என்றும், அத்தனை காலமும் குடும்பத்தில் ஒருவரேனும் வைத்தியத் தொழில் செய்து வந்தனர் என்றும் அவர் எழுதியிருக்கிறார். இலங்கையில் முஸ்லிம் வைத்தியர்கள் மருந்துக்குப் பயன்படுத்திய செடிகொடிகள் அனைத்தையும் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை அந்த வைத்தியர் தமக்குத் தயாரித்துக் கொடுத்ததாகவும் ஜோன்ஸ்டன் குறிப்பிடுகிறார்.

அந்த வைத்தியர்களிடம் சென்றவர்கள் முஸ்லிம்கள் மாத்திரம் அல்லர். சிங்கள அரசரும் சிங்களக் குடியானவரும் அவர்களை நம்பித் தம் உயிரை ஒப்படைத்தனர். நம் முன்னோர் இந்நாட்டில் பெற்ற நன்மதிப்புக்கு வாளும் படையும் காரணம் அல்ல. நம்பத்தக்க நிறுவையும் நம்பத்தக்க மருந்துமே அதற்கு வழி செய்தன.

தோட்டத்து டிஸ்பென்சர்

இனி மலைக்கு வருவோம். கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் வழியிலும் லயன்களிலும் பெருந்தொகையாக நோயுற்று மாண்டனர். அதன் பின்னரே 1872ஆம் ஆண்டில் தோட்டப் பகுதிகளுக்கான மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்ட மாவட்டங்கள் மருத்துவப் பிரிவுகளாக வகுக்கப்பட்டன. 1912இல் இச்சட்டம் புதுப்பிக்கப்பட்டது. காலப்போக்கில் தோட்டங்களில் மருந்துச் சாலைகள் எழுந்தன. அங்கே ‘டிஸ்பென்சர்’ என்று அழைக்கப்பட்டவர் அமர்ந்தார்.

தொழிலாளிகளுக்கு அவர்தான் ‘டொக்டர் ஐயா’. போத்தலை எடுத்துக்கொண்டு போனால் கலவை மருந்தை ஊற்றிக் கொடுப்பார். புண்ணுக்குக் கட்டுவார். பூச்சி மருந்து கொடுப்பார். மைல் கணக்கில் வேறு வைத்தியர் இல்லாத மலையில் இரவு பகல் பாராது உழைத்த நல்ல மனிதர்கள் அவர்களுட் பலர் இருந்தனர். அவர்களின் சேவையை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆனால் அந்த ஏற்பாட்டிலேயே ஒரு குறை இருந்தது. டிஸ்பென்சருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். மருந்து வாங்கியதும் தோட்டம். காலையில் வேலைக்கு வராதவர் மெய்யாகவே நோயாளியா என்று துரைக்குச் சொல்ல வேண்டியவரும் அவரே. நோயாளிக்கும் முதலாளிக்கும் இடையில் நின்ற அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? “இந்த மருந்து போதாது, ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், இவளுக்கு ஓய்வு தேவை” என்று சொல்ல அவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்! அவர் சரியாகச் செய்தாரா என்று கேட்க முஹ்தஸிப் எவரும் அங்கு இருக்கவில்லை.

ஊராட்சியும் அங்கு நுழையவில்லை. 1930களின் இறுதியில், கிராம சபைத் தேர்தல்களில் தோட்டங்களில் வசித்த இந்தியத் தொழிலாளர்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கிற்று. வாக்கு இல்லாதவரின் லயனுக்குக் கிணறு வெட்ட, கழிவறை கட்ட, மருந்துச் சாலையை எட்டிப் பார்க்க எந்த அங்கத்தவர் வருவார்? குடியுரிமைச் சிக்கல் கடைசியாக 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் தீர்ந்தது. அதற்கு முன் எத்தனை தலைமுறைகள் கழிந்துவிட்டன!

காய்ச்சல் கற்பித்த பாடம்

மருந்தும் ஊராட்சியும் ஒன்றையொன்று பிரிந்து நின்றால் என்ன நேரும் என்பதை 1934-35ஆம் ஆண்டுகளில் இந்நாடு கண்டது. மழை பொய்த்தது. ஓடும் ஆறுகள் குட்டைகளாயின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் பகுதிகளில் மலேரியாக் காய்ச்சல் காட்டுத் தீயாகப் பரவிற்று. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. குயினைன் மருந்து இருந்தது. அதைக் கிராமத்துக் குடிசை வரை கொண்டு செல்லும் ஒழுங்குதான் போதவில்லை. பட்டினியால் வாடிய உடலுக்குக் குயினைன் மட்டும் போதவும் இல்லை.

அப்போது மருந்தையும் உணவையும் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகச் சென்ற தொண்டர்களுள் கலாநிதி என்.எம். பெரேராவும் ஒருவர். அடுத்து வந்த 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் ருவன்வெல்லை மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். நோயுற்ற நாளில் வாசலுக்கு வந்தவரை மக்கள் மறப்பதில்லை.

மருந்தின் விலையும் மருந்தின் பெயரும்

சுதந்திரத்துக்குப் பின்னர் இன்னொரு கேள்வி எழுந்தது. ஒரே மருந்து பல பெயர்களில், பல விலைகளில் கடைகளை நிறைத்தது. பெயருக்காக ஏழை அதிக விலை கொடுத்தான். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே இதைத் தம் வாழ்நாட் பணியாக எடுத்துக்கொண்டார். அவரும் வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் தயாரித்த அறிக்கையின் வழியே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பேராசிரியர் அதன் முதற் தலைவரானார். தனியார் துறையில் ஏறத்தாழ 2,100 ஆக இருந்த மருந்துகளின் தொகை ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டது. வணிகப் பெயரை விட்டு மருந்தின் இயற்பெயரைப் பயன்படுத்தவும், உலகச் சந்தையில் கேள்வி கோரி மலிவாக வாங்கவும் வழி செய்யப்பட்டது. இன்று நாம் காணும் ‘ஒசுசல’ கடைகள் அக்கூட்டுத்தாபனத்துக்குரியவையே. பேராசிரியர் 1977 செப்டெம்பரில் கயானா நாட்டில் இருந்தபோது காலமானார். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டதும் அதே 1977இல்தான்.

அவர் கனவு கண்ட ஒழுங்குமுறைச் சட்டம் நீண்ட காலம் தாமதித்து, 2015ஆம் ஆண்டில்தான் நிறைவேறிற்று. அதன்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை அமைந்தது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. ஆயினும் சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நாட்டை உலுக்கிற்று. அதையடுத்து, தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட விவகாரம் 2023இல் வெளியாகி நீதிமன்றம் வரை சென்றது. பக்தாதில் விதையையும் கல்லையும் மருந்தென்று கொடுத்தவர்களின் நோய் இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை, வாசகர்களே!

இன்று நம் கடமை என்ன?

மீண்டும் இறக்குவானைக் கடைத்தெருவுக்கு வருவோம். அந்தத் தாய் இன்னும் மருந்துக் கடையின் முன்னேதான் நிற்கிறாள்.

கடைக்கார சகோதரரே! இரத்தினபுரி மாவட்டம் எலிக்காய்ச்சலால் மிகவும் பாதிக்கப்படும் மாவட்டங்களுள் ஒன்று. வயலிலும் மாணிக்கக் குழியிலும் இறங்குபவரை அது பிடிக்கிறது. டெங்குவும் மழையோடு வருகிறது. டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரின், இப்யூபுரூபன், டைக்லோஃபெனாக் போன்ற மாத்திரைகள் இரத்தக் கசிவை மிகுவித்து உயிருக்கே உலை வைக்கக் கூடும். ஆகவே மூன்று நாள் காய்ச்சலுடன் வருபவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய தர்மம், “இல்லை, இதற்கு நான் மாத்திரை தரமாட்டேன், பிள்ளையை இன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்” என்று சொல்வதே. அன்டிபயோட்டிக் மாத்திரையைச் சீட்டு இல்லாமல் இரண்டு மூன்றாகக் கத்தரித்துக் கொடுக்காதீர்கள். நோய் அரைகுறையாக அடங்கும். கிருமியோ மருந்துக்குப் பழகிப் பலம் பெறும். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்பது நபி (ஸல்) அவர்களின் போதனையின் கருத்து. உங்கள் கடையின் அனுமதிப் பத்திரத்தில் பெயருள்ள மருந்தாளர் உண்மையாகவே கடையில் நிற்கிறாரா? அவர் பெயர் மட்டும் சுவரில் தொங்குகிறதா? இக்கேள்வியை மறுமையில் கேட்கப்படுமுன் இன்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து உறையின் மேல் எழுதுவதும் அமானிதத்தின் ஒரு பகுதியே. சிங்களமும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரியாத தோட்டத் தாய்க்கு “காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின்” என்று தமிழில் நாலு சொல் எழுதிக் கொடுங்கள். அதற்கு ஒரு நிமிடம் கூடச் செல்லாது. அந்நாலு சொல் பிள்ளையைக் காப்பாற்றக் கூடும்.

ஊராட்சி மன்ற அங்கத்தவர்களே! 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் பொதுச் சுகாதாரத்தை உங்கள் பொறுப்பில் வைத்தது. எனினும் தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவிட அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. லயனுக்கு வீதியும் குடிநீரும் கொடுக்கச் சட்டம் தடுக்கிறது என்று இனிமேல் எவரும் கைவிரிக்க முடியாது. இறக்குவானை அடங்கியுள்ள கொடகவெலப் பிரதேச சபையாயினும் சரி, ஏனைய சப்ரகமுவச் சபைகளாயினும் சரி, 2025 மேயில் மக்கள் வாக்களித்தது இதற்காகவும்தான். மருந்துக் கடைகளுக்கு அனுமதி வழங்குவதும் அவற்றைப் பரிசோதிப்பதும் சுகாதாரத் துறையின் பணி. ஆயினும் உங்கள் சபையின் கூட்டத்தில் கேள்வி எழுப்பவும், சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுதவும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் லயன்களுக்குச் செல்லவும் உங்களை எவரும் தடுப்பதில்லை. ஊரில் நல்ல மருந்தாளர் ஒருவர் இருந்தால் அவரையும் அழைத்துப் பேசுங்கள். எந்தப் பகுதியிலிருந்து காய்ச்சல் மருந்துக்கு அதிகம் பேர் வருகிறார்கள், எந்த லயனிலிருந்து வயிற்றுப்போக்கு மருந்து கேட்டு வருகிறார்கள் என்பது வைத்தியசாலைக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரியும். நோய் பரவுமுன் கிணற்றைச் சுத்தம் செய்ய அந்த ஒரு தகவல் போதும்.

ஜமாஅத் பெரியோர்களே! பள்ளிவாசல் மண்டபத்தில் வருடத்துக்கு ஓரிரு முறையாவது மருந்துகளைப் பற்றிய விளக்கக் கூட்டம் ஒன்றை நடத்துங்கள். அதற்கு முஸ்லிம்களை மட்டும் அழைக்காதீர்கள். கண்டி அரசரின் நாளிலிருந்து நம் முன்னோரின் மருந்துப் பெட்டி எல்லா மக்களுக்கும் திறந்தே இருந்தது. மலையிலிருந்து இறங்கி வருபவருக்கும் அம்மண்டபத்தில் ஓர் ஆசனம் இருக்கட்டும்.

வாங்குபவராகிய நீங்களும் நானும் குற்றமற்றவர்கள் அல்லர். “சீட்டு இல்லாமல் தர மாட்டேன்” என்று சொல்லும் நேர்மையான மருந்தாளரை விட்டுவிட்டு, எதைக் கேட்டாலும் கொடுக்கும் அடுத்த கடைக்கு ஓடுகிறோம். மறுத்தவர் வியாபாரத்தை இழக்கிறார், கொடுத்தவர் செழிக்கிறார். அஃப்ஷீனின் முகாமில் “இல்லை” என்றவருக்கு இடம் கிடைத்தது. நம் ஊரில் அவருக்குக் கிடைப்பது என்ன? “இல்லை” என்று சொல்பவரை மதிக்கும் வாடிக்கையாளரும் முஹ்தஸிபின் பணியில் ஒரு பங்கைச் செய்பவரே.

ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்பது அருள்மறை நமக்குக் கற்றுத்தரும் கருத்து. அந்த உயிர் மலையிலிருந்து வந்ததா, பட்டணத்திலிருந்து வந்ததா, எந்த மொழி பேசுகிறது, யாரை வணங்குகிறது என்று அங்கே பிரித்துச் சொல்லப்படவில்லை.

யா அல்லாஹ்! நோயுற்றோருக்குப் பூரண சுகத்தை அருள்வாயாக. மருந்து கொடுக்கும் கைகளுக்கு அறிவையும் அச்சத்தையும் தருவாயாக. எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்கும் நல்லோராக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.